மருந்து ஒத்துக்கல

மேல் மெலோர் தோட்டம்,
கோலா தெர்லா.
3 மார்ச் 2025

நோய்ச்சொற்கள் பட்டியல் பிரிவு, டாக்டர் சசிரேகா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பிரிவின் இணையப் பக்கத்தில் திருத்தம் கோரும் படிவம் ஒன்று இருக்கிறது. காரணம் எழுத இருநூற்றைம்பது எழுத்துக்குத்தான் அதில் இடம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டுமாம். என்னிடம் இருக்கும் காரணம் அதில் அடங்காது. அதனால் தமிழில் கடிதமாக எழுதுகிறேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். நாம் கூடப்பிறந்தவர்கள் என்பதை இதில் கலக்க வேண்டாம்.

நான் இந்தத் தோட்டத்துக் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக மருத்துவ உதவியாளர். ஜனங்கள் டிரசர் என்பார்கள். போன வருடம் ஜூன் மாதம் எங்களுக்கும் கணினி கொடுத்தார்கள். நோயாளி சொல்வதைத் தட்டினால், உங்கள் பட்டியலிலிருந்து அந்த நோயின் பெயரும் எண்ணும் வருகின்றன. தமிழ்ச் சொல்லைத் தட்டினாலும் வருகிறது. நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் முதல் பிப்ரவரி வரை, களைக்கு மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் பதினொரு பேர் வாந்தி, தலைசுற்றல், தோல் எரிச்சல் என்று என்னிடம் வந்தார்கள். என் கைப்புத்தகத்தில் பதினொரு பேரும் இருக்கிறார்கள். கணினியில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி நஞ்சு என்ற தலைப்பின் கீழ் ஒருவர்கூட இல்லை. பதினொரு பேரும் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஏறியிருக்கிறார்கள். ஊசி, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போடும் எண் அது.

காரணம் எளிது. எங்கள் ஜனங்கள் ‘மருந்து ஒத்துக்கல’ என்றுதான் சொல்வார்கள். மலாய்க்காரர் ராச்சுன் என்று சொல்வதை, அதாவது விஷம் என்று சொல்வதை, நாம் மருந்து என்கிறோம். இது இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் பட்டியலுக்குத் தெரியவில்லை.

இதனால் ருக்குமணி என்ற தொழிலாளிக்குக் கால்விரல் இரண்டு போய்விட்டன. இந்தச் சொல்லை அந்த எண்ணின் கீழ் சேர்த்தது யார், எந்த மருத்துவரைக் கேட்டுச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
க. சாம்பசிவம்

*

புத்ராஜெயா,
12 மார்ச் 2025

திரு. சாம்பசிவம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதி கிடைத்தது. அதை முறையான மனுவாகப் பதிந்துவிட்டேன். விசாரணைக்குப் பதினொரு பேரின் அட்டை நகல்களும் வேண்டும். பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு அனுப்புங்கள். ருக்குமணியின் சிகிச்சை விவரத்தை, அவருடைய சம்மதத்தோடு, தேதிவாரியாக எழுதுங்கள். அந்தச் சொல்லின் வரலாற்றை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகும்.

அலுவலகப் பகுதி இதோடு முடிந்தது.

அண்ணே, போன தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருந்தபோது, “டாக்டருக்குப் படிக்க வெச்சோம், இவ கிராணி வேலைக்குப் போயிட்டா” என்று சொன்னீர்கள். சித்தப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுநாள் விடியும்போதே காரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நான்கு மாதமாக ஒரு போன் இல்லை. இப்போது ஆபீஸில் பட்டியல் எழுதும் அந்தக் கிராணிக்குத்தான் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

கலக்க வேண்டாம் என்றீர்கள். சரி, கலக்கவில்லை. அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

சசிரேகா

*

மேல் மெலோர் தோட்டம்,
20 மார்ச் 2025

சசி,

நகல்களை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணிக்குக் குளிர் நாளில் வலி கூடுகிறது. மற்றபடி பரவாயில்லை.

ருக்குமணி சம்மதம் கொடுத்தாள். உனக்கு அவளைத் தெரியும். மூன்றாவது லயத்தில் கடைசி வீடு. நீ பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாளே, அவள்தான். இப்போது ஐம்பத்தொரு வயது. சர்க்கரை இருக்கிறது.

ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று மூன்று தடவை மருந்தடித்துவிட்டு வாந்தியோடு வந்தாள். நான் கழுவச் சொல்லி, படுக்க வைத்து, எம்சி லீவு கொடுத்து அனுப்பினேன். மூன்றும் கணினியில் மருந்து ஒவ்வாமை என்று ஏறின. அப்படி ஏறியதுமே அவள் பெயருக்கு மேல் தானாகவே சிவப்பு எழுத்து வந்திருக்கிறது: கடுமையான ஒவ்வாமை, எந்த மருந்து என்று தெரியவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. என் மேசையில் அந்தத் திரை இல்லை, முன்னால் பதிவு மேசையில் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு. அரிவாள் நழுவி அவள் பாதத்தில் வெட்டிவிட்டது. என் கிளினிக் பூட்டியிருந்தது. மகன் மோட்டார் சைக்கிளில் வைத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த இளம் டாக்டர் தன் கணினியிலும் அதே சிவப்பு எழுத்தைப் பார்த்திருக்கிறார். “எந்த மருந்து ஒத்துக்காது?” என்று மலாயில் கேட்டிருக்கிறார். மருந்தைக் குறிக்கும் ஊபாட் என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டதும் இவள் தலையாட்டிவிட்டாள். “ஆமா, மருந்து ஒத்துக்காது, மூணு வாட்டி வாந்தி எடுத்துட்டேன்.”

அவர் பயந்து, வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் மாத்திரையை விட்டுவிட்டு வேறொன்று கொடுத்தார். அது கேட்கவில்லை. ஆறாம் நாள் கால் கறுத்துவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது, இவளுக்கு எந்தெந்த மருந்து ஆகாது என்று. “ஒண்ணும் இல்லையே டாக்டர், பெனிசிலின் நானே போட்டிருக்கேன்” என்றேன். காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல் இரண்டு போயிற்று. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. டவுன் டாக்டர் மேலும் இல்லை. திரையில் இருந்ததை அவர் நம்பினார். நம்பத்தானே அது இருக்கிறது.

கிளினிக்குக்குத் திரும்பி அன்பரசி மேல் கத்தினேன். ஆபீஸிலிருந்து வந்து எங்கள் கணினியில் தட்டுகிற பெண். அழவில்லை. அட்டைக் கட்டை எடுத்து என் முன்னால் போட்டாள்.

“நீங்க எழுதிக் குடுத்ததத்தானே அடிச்சேன் அண்ணே. ‘மருந்து ஒத்துக்கல, வாந்தி’ன்னு உங்க கையெழுத்துதான் இருக்கு. அடிச்சா மொத வரியில அதான் வருது. நான் என்ன நர்ஸா?”

நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதினேன். இதில் என் தப்பு என்ன? முதல் வரியில் அதை வைத்தவன் தப்பு. நோயாளி முகத்தையே பார்க்காமல் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல் கோக்கிறவர்களுக்கு, சொல்லுக்குப் பின்னால் கால் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சாம்பசிவம்

*

புத்ராஜெயா,
2 ஏப்ரல் 2025

அண்ணே,

கடைசி வரியைப் பல தடவை படித்தேன். பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதற்குள் வரலாறு வந்துவிட்டது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் உண்டு. யார் சொன்னது, எந்த மருத்துவர் சரிபார்த்தது, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். ‘மருந்து ஒத்துக்கல’ என்ற பக்கத்தில் இருப்பது இது.

சொன்னவர்: க. சாம்பசிவம், மருத்துவ உதவியாளர்.
தேதி: 18 நவம்பர் 2023.
சரிபார்த்தவர்: டாக்டர் சசிரேகா.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அன்று சனிக்கிழமை. அறுபது ஆங்கிலச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் யாருக்கோ காயம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“மாத்திர ஊசி ஒடம்புக்குச் சேரலன்னா நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்கண்ணே?”

“மருந்து ஒத்துக்கலன்னுவாங்க. சீக்கிரம் கேளு, வெளிய ஆறு பேரு நிக்கிறாங்க.”

நீங்கள் சொன்னது பொய் இல்லை. மாத்திரை சேராதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது என்று உங்களுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்த லயத்திலேயே பிறந்து, பம்பு தூக்கிய அம்மாவின் துணியைத் தனியாகத் துவைத்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எங்கள் விதிப்படி ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மருத்துவர்கள் பார்க்க வேண்டும். தமிழ் தெரிந்த இரண்டாவது ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. ‘பிறகு பார்க்கப்படும்’ என்று எழுதி, அறுபதையும் நானே கடத்திவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

இதைக் குழுவில் சொல்லப் போகிறேன். உங்கள் பெயரும் வரும். முன்கூட்டியே சொல்கிறேன், பிறகு தெரியாமல் போய்விட்டது என்று சொல்லக் கூடாது.

சசி

*

மேல் மெலோர் தோட்டம்,
21 ஏப்ரல் 2025

சசி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, “அப்ப நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா” என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் கோபப்பட எனக்கு இடமில்லை.

என் அலமாரியைக் குடைந்தேன். அதில் உனக்குத் தெரியாத ஒன்று கிடைத்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேனேஜருக்குப் பாதுகாப்பு அறிக்கை போகும். மருந்தடிக்கும் ஆட்களில் எத்தனை பேருக்கு உடம்பு கெட்டது என்று அதில் ஒரு வரி உண்டு. முன்பெல்லாம் என் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதுவேன். கணினி வந்த பிறகு அதுவே அச்சடித்துக் கொடுக்கிறது. செப்டம்பர் அறிக்கையில் சைபர். டிசம்பரில் சைபர். மார்ச்சில், ருக்குமணி கட்டுப்போட்ட காலோடு என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதத்தில், சைபர். மூன்றிலும் என் கையெழுத்து. பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. உனக்கு முதல் கடிதம் எழுதிய பிறகுதான் மார்ச் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சைபர் என்பதால், ஆட்களைச் சுழற்சியில் மாற்றும் வழக்கத்தை அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று. அதனால்தான் ருக்குமணி விடாமல் நான்கு மாதம் பம்பு தூக்கினாள்.

போன செவ்வாய் மேனேஜர் யுவனேஸ்வரனைப் பார்த்தேன். ஜனங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதுத் துரை. மூன்று அறிக்கையையும் என் புத்தகத்தையும் மேசையில் வைத்தேன். நிதானமாகப் பார்த்தார்.

“மூணு தடவ சைபர்னு சைன் பண்ணிருக்கீங்க. இப்ப வந்து பதினொண்ணுங்கிறீங்க. நான் மேல என்னன்னு சொல்றது, சாம்பசிவம்?”

“டிரசர் பாக்காம சைன் பண்ணிட்டான்னு சொல்லுங்க சார். அதான் நெசம்.”

“கம்ப்யூட்டர் தப்புன்னு போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராதுலா.”

“கம்ப்யூட்டரு சைன் பண்ணலயே சார்.”

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்பரசியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிண்ணே, விடுங்க” என்றாள். ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு அட்டைக்கும், “இது எந்த மருந்து?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறாள்.

தீபாவளிக்குச் சொன்னது தப்பு. ஆள் முன்னால் சொன்னது இன்னும் தப்பு. சித்தப்பாவுக்குப் போன் செய்து இதையும் சொல்லிவிட்டேன், அவர் முன்னால்தானே சொன்னேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ ஏன் வார்டை விட்டுப் போனாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் அப்படிப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

சாம்பசிவம்

*

புத்ராஜெயா,
6 மே 2025

அண்ணே,

குழு போன புதன் கூடியது. நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். கூட்டம் முடியும்வரை யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிவு இது: அந்தச் சொல்லை உடனே எடுத்தாயிற்று. இரண்டாவது ஆள் பார்க்காத மற்றத் தமிழ்ச் சொற்களையும் நிறுத்தி வைத்தாயிற்று. என் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறுகிறது. வேலை போகவில்லை.

சொல்லை எடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. அதனால் விழுந்த சிவப்பு எழுத்தை எடுக்க முடியவில்லை. நாடு முழுக்க அந்தச் சொல்லின் வழியாகச் சிவப்பு விழுந்தவர்கள் முந்நூற்று எண்பத்தாறு பேர். பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள்: ரப்பர், செம்பனை, தேயிலை, காய்கறி. மொத்தமாக அழித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது என்றேன். நிஜமாகவே ஊசி சேராதவர்களும் அந்த முந்நூற்று எண்பத்தாறில் இருப்பார்கள். அவர்களுடைய சிவப்பை அழித்தால், அடுத்த ஊசியில் நாமே கொன்றுவிடுவோம். ஒவ்வொருவரையும் அவருடைய பாஷையில் கேட்டுத் தெரிந்த பிறகுதான் அழிக்க வேண்டும். புத்ராஜெயாவில் உட்கார்ந்துகொண்டு என்னால் அதைச் செய்ய முடியாது.

அதனால் தமிழ்ச் சொற்களுக்கென்று ஒரு மருத்துவக் குழு அமைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். ஏழு பேர். டாக்டர்கள் மட்டும் என்று விதி இருந்தது. தோட்டத்து நோயை முதலில் கேட்கும் காது டாக்டருடையது இல்லை என்று வாதாடி, மருத்துவ உதவியாளர்களையும் நர்ஸ்களையும் சேர்த்தேன். உங்கள் பெயரைப் போட வேண்டும் என்று ஆசை. அண்ணன் என்பதால் நான் முன்மொழியக் கூடாது. நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும்.

வார்டைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். முப்பத்தாறு மணிநேர வேலை முடித்து வரும் வழியில் ஒரு நாள் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டேன். கார் ஓரத்துக் கம்பியில் இடித்து நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளம். அடுத்த வாரம் இந்த வேலைக்கு விளம்பரம் வந்தது. சேவை செய்ய வரவில்லை அண்ணே, தூங்க வந்தேன். வந்த பிறகுதான் வேலை பிடித்தது. உங்களிடம் சொன்னால் அழுவீர்கள் என்று சொல்லவில்லை. அழுவதற்குப் பதிலாகத் திட்டினீர்கள்.

சசி

*

மேல் மெலோர் தோட்டம்,
28 மே 2025

சசி,

அழவில்லை. இரண்டு நாள் ஒழுங்காகப் பேசவில்லை, அவ்வளவுதான். அண்ணி உனக்குப் போன் செய்தது தெரியும்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். என் கையெழுத்து என்னென்ன செய்தது என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

குழுவுக்குக் காத்திருக்காமல் என் பதினொரு பேரையும் கேட்டு முடித்துவிட்டேன். ஐந்து மணிக்கு மேல் லயம் லயமாகப் போனேன். பத்துப் பேருக்கு மாத்திரை, ஊசி எதுவும் ஆகாமல் போனதில்லை. பதினொன்றாவது ஆள் சீதா, இப்போது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்கிறவள். அவளும் மருந்தடித்து வாந்தி எடுத்தவள்தான். ஆனால் சின்ன வயதில் தானா ராத்தா டவுனில் ஒரு ஊசி போட்டு முகம் வீங்கி மூச்சுத் திணறியது என்றாள். இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. தப்பாக விழுந்த சிவப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது. நீ மொத்தமாக அழிக்கவிடாதது நல்லது.

மேனேஜர் கடிதத்துக்கு முடிவு வந்துவிட்டது. எழுத்தில் எச்சரிக்கை. சுழற்சி மறுபடி ஆரம்பித்துவிட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் பம்பு தூக்கக் கூடாது. ருக்குமணிக்கு நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. “மல மேல நடந்து பழகுன ஆளு நானு, பொட்டியில மண்ணு ரொப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்” என்கிறாள்.

போன இடத்திலெல்லாம் ‘மருந்து’ என்ற சொல் எப்படி எப்படி வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டேன். ‘மருந்து ஏறிடுச்சு’ என்றால் அடித்தது மூச்சில் போய்விட்டது. ‘மருந்து பட்டுடுச்சு’ என்றால் தோலில். ‘மருந்துல இருக்கேன்’ என்றால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். மருந்தடிக்கிற கும்பலில் இருக்கிறேன் என்றும் பொருள். ‘மருந்து குடிச்சிட்டா’ என்று மட்டும் யாராவது ஓடிவந்து சொன்னால், அது வைத்தியம் இல்லை. சாகக் குடித்தது. உன் நிறுத்தி வைத்த பட்டியலைப் பார்த்தேன். அதில் ‘மருந்து குடித்தல்’ என்று ஒன்று, மருந்து உட்கொள்ளும் முறை என்ற தலைப்பில் இருக்கிறது. அதை முதலில் எடுத்துப் போடு.

அண்ணன்

*

புத்ராஜெயா,
24 ஜூலை 2025

அண்ணே,

போன சனிக்கிழமை நம் தமிழ்ச் சொற்குழுவின் கூட்டத்தில் ஏழு சின்னக் கட்டங்களில் ஏழு முகங்கள். உங்கள் கட்டத்தில் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அடுத்த தடவை போனை நிமிர்த்தி வையுங்கள்.

கூட்டக் குறிப்பில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். ‘மருந்து ஒத்துக்கல’ என்பதை நஞ்சுத் தலைப்புக்கு மாற்றிவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

“டாக்டர் சொல்றது தப்பு. இங்கேருந்து எடுத்து அங்க வெச்சா, ஊசி சேராத ஆளுக்கு வெஷம்னு விழும். அந்த வார்த்த எந்தப் பக்கமும் வேணாம்.”

“வெறுமனே விட்டா பதிவு பண்றவங்க என்ன செய்வாங்க?” என்று கேட்டேன்.

“தட்டுவாங்க, ஒண்ணும் வராது. ஒண்ணும் வரலன்னா வேற வழியில்ல, திரும்பி அந்த ஆளுகிட்ட எந்த மருந்துன்னு கேட்டுத்தான் ஆகணும். எங்க கிளினிக்குல இப்ப அப்படித்தான் நடக்குது.”

சித்தியவானிலிருந்து பேசிய நர்ஸ் தவமலர் முதலில் உங்கள் பக்கம் வந்தார். பிறகு ஒவ்வொருவராக. ஐந்துக்கு இரண்டு. என் முன்மொழிவு தோற்றது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போது, நீங்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது. அன்று உங்களுக்குப் போன் செய்யவில்லை, செய்தால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முந்நூற்று எண்பத்தாறில் நூற்று நாற்பது பேரைக் கேட்டு முடித்தாயிற்று. நிஜ ஒவ்வாமை இதுவரை ஒன்பது. மீதிப் பேரைத் தேடிப் பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. தோட்டம் மாறிப் போயிருக்கிறார்கள், போன் நம்பர் மாறியிருக்கிறது. வருடக் கடைசி வரை இழுக்கும்.

ருக்குமணியின் சிவப்பை எடுக்க உங்களுக்கு அனுமதி வந்துவிட்டது. அவரை நேரில் உட்கார வைத்து, அவர் பார்க்கும்போது எடுங்கள். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்டால் சரிப்படாது. இந்த மாதக் கடைசியில் மலைக்கு வருகிறேன். மூன்று நாள் லீவு.

சசி

*

மேல் மெலோர் தோட்டம்,
11 ஆகஸ்ட் 2025

சசி,

நீ வந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. ருக்குமணி வீட்டில் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ போன மறுநாளே கிளினிக்குக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. இன்றைக்குத்தான் வந்தாள். நாற்றுப் பண்ணையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

அன்பரசியின் நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். சிவப்பு எழுத்து எது என்று சொல்லி, அவள் பார்க்கும்போதே எடுத்தேன். அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“வேற என்னெல்லாம் எழுதியிருக்கு?”

“ஒன்னோட சர்க்கர, பிரஷர், காலு, எல்லாம் இருக்கு.”

“படிங்க டிரசரய்யா. இத்தன வருசமா என்னமோ எழுதிக்கிட்டே இருக்கீங்க. எழுதி முடிச்சதும் போன்னு அனுப்பிருவீங்க. ஒரு நாளும் படிச்சுக் காட்டுனதில்ல.”

வெளியே எட்டுப் பேர் இருந்தார்கள். அன்பரசி என்னைப் பார்த்தாள். நான் படிக்க ஆரம்பித்தேன். மலாயில் இருப்பதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். உயரம், எடை. எந்த வருடம் சர்க்கரை கண்டுபிடித்தது. பாதத்துக் காயம், எத்தனை நாள் ஈப்போவில் இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரு இடத்தில், “அது கை எலும்பு இல்ல, மணிக்கட்டு” என்று திருத்தினாள். திருத்தினேன்.

“பிள்ளைகள் மூன்று” என்று படித்தேன்.

“நாலு.”

“மூணுதானே? பெரியவன், நடுலவன், மகேனு.”

“அவனுங்களுக்கு முன்ன ஒரு பொண்ணு. ரெண்டு நாளு இருந்துச்சு.”

பத்தொன்பது வருடமாக இவளுக்கு நான் டிரசர். மூன்றாவது பிள்ளைக்கு நான்தான் தடுப்பூசி போட்டேன். எனக்குத் தெரியாது.

“ஏன்மா சொல்லல?”

“உசுரோட எத்தனன்னுதானே எல்லாரும் கேட்டாங்க. கேட்டதுக்குச் சொன்னேன்.”

பிறந்து இறந்த குழந்தைக்கு உன் பட்டியலில் எண் இருக்கிறது. தேடி எடுத்தேன். அதன் கீழ் மலாயில் நான்கு சொல் இருக்கிறது, தமிழ் இடம் காலி. நம் ஆட்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று அவளிடமே கேட்டேன்.

“தங்கலன்னு சொல்லுவோம். மொதப் புள்ள தங்கல.”

வேறு எதற்காவது அப்படிச் சொல்வீர்களா என்று கேட்டேன். யோசித்தாள். கரு ஆரம்பத்திலேயே கலைந்தாலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு என்றாள். அதனால் இதை அப்படியே ஏற்றிவிடாதே. தவமலரையும் மற்றவர்களையும் அவரவர் ஊரில் கேட்கச் சொல், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

மூன்று என்பதை நான்கு என்று மாற்றினேன். திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். விரலை வைத்து, “நாலு” என்று அவளே படித்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் வாசல் வரை போய், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அண்ணன்